இருதயமும் நரம்பும்: எசமான் யார்?

இருதயத்தைத் துடிக்கவைப்பது எது என்னும் வினா, மனிதன் விலங்குகளை அறுத்துப் பார்க்கத் தொடங்கிய காலந்தொட்டே இருந்துவருவதாகும். உரோம சாம்ராச்சிய காலத்துக் கிரேக்க மருத்துவரான கலென், நெஞ்சறையினின்றும் வெளியே எடுக்கப்பட்ட இருதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டேயிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். உடலோடு தொடர்பு அறுந்த பின்னரும் ஓர் உறுப்புத் தன் தொழிலைச் செய்யுமாயின், அதற்கு ஆணையிடுபவர் யார்? ஆணையிடுபவர் ஒருவர் இருந்தேயாக வேண்டும் என்னும் எண்ணம் இவ்வினாவுக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் எவ்வாறு வளர்ந்தது, ஒரு சிறு கண்ணாடித் தட்டிலே அருகருகே வளர்க்கப்பட்ட நரம்புக் கலங்களும் இருதயத் தசைக் கலங்களும் அதனை எவ்வாறு கலைத்தன என்பதே ஈண்டு நாம் நோக்க விரும்புவது.

நாம் விஞ்ஞானம் கற்பிப்பவரல்லோம், தமிழாசிரியர். எமது வகுப்பிலே நெஞ்சு என்பது பேசப்படும் பொருள். தலைவி அதனை விளித்துப் புலம்புவாள். 'நெஞ்சொடு கிளத்தல்' என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் நெஞ்சு மறுமொழி கூறுவதாக வருவது அரிது. விஞ்ஞான வரலாற்றிலும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது என்பதை அறிந்தபோது இவ்விடயத்தில் எமக்கு ஆர்வம் பிறந்தது.

உடலை ஓர் அரசாகவும் அதன் உறுப்புகளை ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் காண்பது பழைய வழக்கம். இரத்தச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹாவி, 1628 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலை முதலாம் சாள்ஸ் மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். விலங்கின் உடலுக்கு இருதயம் எப்படியோ அப்படியே நாட்டுக்கு மன்னன் என்று அக்காணிக்கையுரையிலே எழுதினார். 1649 இல் அம்மன்னனின் தலை துண்டிக்கப்பட்டது. அக்காலப் பகுதியிலே ஹாவி எழுதியவற்றில் இருதயத்திலும் இரத்தத்துக்கே முதன்மை தரப்படுகிறது. மன்னன் வீழ்ந்ததும் இருதயமும் அரியணையினின்றும் இறக்கப்பட்டது என வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் ஹில் 1964 இல் எழுதினார். ஏனைய ஆராய்ச்சியாளர் சிலர் இதனை வன்மையாக மறுத்தனர். ஹாவி தொடக்கத்திலிருந்தே இரத்தத்தின் சிறப்பை உணர்ந்திருந்தார் என்பது அவர்கள் வாதம். ஹில்லின் முடிவை முழுதாக ஏற்கவேண்டியதில்லை. எனினும் உடலைப் பற்றிப் பேசுவோர் தாம் வாழும் சமுதாயத்தின் மொழியிலேயே பேசுகின்றனர் என்ற அளவில் அவர் கூற்றுப் பொருத்தமானதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரியணை நரம்புக்கு உரியதாயிற்று. 1845 இல் ஜேர்மனியச் சகோதரர்களான வேபர் இருவர், கழுத்து வழியாக இறங்கும் வேகசு நரம்பை மின்னால் தூண்டும்போது இருதயத் துடிப்புத் தளர்ந்து நின்றுவிடுவதைக் காட்டினர். நரம்பு கடிவாளம், இருதயம் குதிரை என்ற சித்திரம் இதனால் உறுதிப்பட்டது. வெட்டியெடுத்த இருதயமும் துடிக்கின்றதே என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது போலிருந்தது. 1844 இல் றொபேட் றெமாக் என்பார், தவளையின் இருதயத்துக்கு உள்ளேயே நரம்புக் கலங்களின் சிறு திரட்டுகள் இருப்பதை விவரித்திருந்தார். ஆணையிடுபவர் வெளியே இல்லையேல் உள்ளே இருக்கிறார் எனப் பலர் அமைதி கண்டனர்.

இந்த றெமாக் யூதர். பிரஷ்ய அரசிலே யூதர் ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியராவதற்கு மதம் மாறவேண்டும். அவர் மாற மறுத்தார். மன்னனுக்கு நேரே விண்ணப்பஞ் செய்து, 1847 இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்த உரிமை பெற்ற முதல் யூதரானார். ஆயினும் முழுப் பேராசிரியர் பதவி இறக்கும்வரை அவருக்குக் கிட்டவில்லை. இவ்வரலாற்றில் இத்தகையோர் இன்னும் சிலரை நாம் சந்திக்கப்போகிறோம்.

நரம்பின் ஆட்சியை முதலில் ஆட்டங்காணச் செய்தவர் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த வோல்டர் காஸ்கெல். 1880 களில், நரம்புக் கலங்கள் இல்லாத பகுதியிலிருந்து ஆமையின் இருதயத் தசையைக் கீற்றாக வெட்டியெடுத்தார். சிறிது நேரத்தில் அக்கீற்றுத் தானே ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கிற்று. துடிப்பு, தசையின் இயல்பேயன்றி நரம்பின் கொடையன்று என்பது அவர் முடிவு. எதிர்க்கட்சியார் விடவில்லை. கண்ணுக்குப் புலனாகாத நரம்பிழை ஒன்றேனும் அக்கீற்றில் ஒளிந்திராதோ என்றனர். தசைக் கலம் ஒன்றைத் தனியே பிரித்து வைத்துக் காட்டினாலன்றி இவ்வழக்குத் தீராது. அதற்குரிய வழி அன்று எவரிடமும் இருக்கவில்லை.

(கலம் என்றால் பாத்திரமுமாம், மரக்கலமுமாம். ஆங்கிலேயர் சிற்றறை என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவதனை எமது பாடநூலார் கலம் என்றனர். தமிழகத்தார் உயிரணு என்பர். உயிரைத் தாங்கும் கொள்கலம் என்று கொள்ளுமிடத்து எமது சொல்லே எமக்கு இனிதாகத் தோன்றுகிறது.)

அவ்வழி வேறொரு வழக்கிலிருந்து பிறந்தது. நரம்பிழை எவ்வாறு உண்டாகின்றது? அது செல்லும் பாதை நெடுகிலும் உள்ள கலங்கள் சங்கிலியாக இணைந்து உண்டாக்குகின்றனவா, அன்றி ஒரே நரம்புக் கலத்தினின்றும் முளைபோல் நீண்டு வளர்கின்றதா? 1907 இல் அமெரிக்காவிலே பால்ற்றிமோர் நகரில் றொஸ் ஹரிசன் என்பவர் எளிய முறையொன்றைக் கையாண்டார். தவளை முளையத்தின் நரம்பாகவிருக்கும் பகுதியில் ஒரு துணுக்கை எடுத்தார். தவளையின் நிணநீர்த் துளியொன்றில் அதனை இட்டு, மெல்லிய கண்ணாடித் தகட்டில் உறையவிட்டார். தகட்டைக் கவிழ்த்து, குழிந்த கண்ணாடித் துண்டின்மேல் தொங்கவிட்டு, மெழுகினால் விளிம்பை அடைத்தார். நுணுக்குக்காட்டியின் கீழே நரம்பிழையின் நுனி கைபோல் விரிந்து துழாவி முன்னேறுவதை அவர் கண்ணாரக் கண்டார். உயிருள்ள இழையத்தை உடலுக்கு வெளியே வளர்க்கும் கலை அத்துளியிலே பிறந்தது. 1917 ஆம் ஆண்டுக்கான நோபல் மருத்துவப் பரிசை எவருக்கும் வழங்காது விட்டனர். ஹரிசனுக்கு எந்த ஆண்டிலும் அது கிடைக்கவில்லை.

ஹரிசனிடம் இக்கலையைப் பயின்ற மொன்றோஸ் பறோஸ், நிணநீருக்குப் பதிலாகக் கோழியின் குருதிநீரைப் பயன்படுத்திக் கோழி முளையத்தின் இழையங்களை வளர்த்தார். 1912 இல் அவர் வெளியிட்ட செய்தி காஸ்கெலின் வழக்கை முடித்துவைத்தது. இருதயத் துண்டிலிருந்து பிரிந்து தனியே கிடந்த தசைக் கலங்கள், அயலில் நரம்பெதுவும் இன்றியே தாளந் தவறாது துடித்தன. இருதயத்துக்கு எசமான் வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு தசைக் கலமும் துடிக்கத் தெரிந்தே பிறக்கின்றது.

ஆனால் மக்கள் மனத்தில் பதிந்த பெயர் பறோஸின் பெயரன்று. அவர் தலைவரான அலெக்சிஸ் கரெலின் பெயரே. நியூயோர்க்கின் றொக்கபெல்லர் நிறுவனத்தில் 1912 சனவரி 17 ஆம் நாள் கரெல் தொடங்கிய கோழி இருதய வளர்ப்பு, முப்பத்துநான்கு ஆண்டு 'உயிர்வாழ்ந்ததாகப்' பத்திரிகைகள் கொண்டாடின. அதற்குப் பிறந்தநாட் செய்திகளும் எழுதினர். உண்மையில் அங்கே துடிக்கும் இருதயம் எதுவும் நீடிக்கவில்லை. பெருகிக்கொண்டிருந்தவை இணைப்பிழையக் கலங்களே. அவையும் இயல்பாக அத்தனைகாலம் பெருகமாட்டா என்பதை 1961 இல் ஹேபிளிக்கும் மூர்ஹெட்டும் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று: மனிதக் கலங்கள் ஏறத்தாழ ஐம்பது முறை இரட்டித்தபின் ஓய்ந்துவிடுகின்றன. கரெலின் கலங்களுக்கு ஊட்டப்பட்ட முளையச் சாற்றோடு புதிய கலங்களும் சேர்ந்து சென்றிருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. எவ்வாறாயினும் வேறெவராலும் அதனைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை.

கரெலைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. அவர் திறமை மிக்க சத்திரசிகிச்சையாளர். குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் தம் ஆய்வுகூடத்தைக் கோயிலாக்கி, உதவியாளருக்குக் கறுப்பு அங்கி அணிவித்து, இழைய வளர்ப்பு என்பது தீட்சை பெற்றோருக்கு மட்டுமே கைவருவதென்ற மயக்கத்தையும் உண்டாக்கினார். 1935 இல் அவர் எழுதிய மனிதனைப் பற்றிய நூல் பெரும் விற்பனை கண்டது. உயர்ந்தோர் சிலர் ஆள்வதற்கென்றே பிறந்தவர் என்றும், கொடுங்குற்றவாளிகளையும் குற்றமிழைத்த சித்தசுவாதீனமற்றோரையும் நச்சுவாயுவால் 'சிக்கனமாக' அகற்றலாமென்றும் அதிலே எழுதினார். நாசிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1941 இல் அவருக்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. 1944 நவம்பரில், கணக்குத் தீர்க்கப்படுமுன்பே அவர் பாரிசில் இறந்தார். இறவா இருதயத்தைப் பற்றிய பொய்யும் இறக்கவேண்டிய மனிதரைப் பற்றிய நூலும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது.

தசைக் கலங்களை ஒன்றொன்றாகப் பிரிக்கும் வழி பின்னர் செம்மையுற்றது. திரிப்சின் என்னும் நொதியம் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். 1960 களின் தொடக்கத்தில் ஹறாறியும் பாளியும் கலிபோணியாவில் இம்முறையால் எலிக்குஞ்சுகளின் இருதயக் கலங்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தனர். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்திலே துடித்தது. நாளடைவில் அவை பரவி ஒன்றையொன்று தொட்டபோது, அவற்றின் தாளமும் ஒன்றாயிற்று. மேய்ப்பான் எவரும் அங்கில்லை, தொட்டுக்கொண்டதே போதுமானதாயிருந்தது.

அவ்வாறாயின் நரம்பின் பணி யாது? துடிப்பை அது படைப்பதில்லை, விரைவாக்கும், தளர்த்தும். இதை எப்படிச் செய்கிறது என்பதை ஓட்டோ லோவி 1921 இல் வெளியிட்டார். தவளை இருதயம் ஒன்றின் வேகசு நரம்பைத் தூண்டி, அந்த இருதயத்தைச் சூழ்ந்திருந்த உப்புநீரை மற்றோர் இருதயத்துக்கு மாற்றியபோது, நரம்பு தூண்டப்படாத அவ்விருதயமும் தளர்ந்தது. நரம்பு மின்னால் மட்டும் பேசவில்லை; ஏதோவொரு பொருளைச் சுரந்து பேசுகின்றது. அப்பொருள் அசற்றைல்கோலின் என்று பின்னர் தெரியவந்தது. லோவிக்கு 1936 இல் நோபல் பரிசு. 1938 இல் ஒஸ்திரியாவை விழுங்கிய நாசிகள் யூதரான அவரைச் சிறையிலிட்டனர். பரிசுப் பணத்தைத் தங்கள் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டுச் செல்ல விட்டனர்.

அதே 1938 இல் இத்தாலியிலே முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. தூரின் நகரத்து இளம் மருத்துவரான றீற்றா லெவி மொந்தால்சீனி பல்கலைக்கழகத்தினின்றும் விலக்கப்பட்டார். அவர் தம் படுக்கையறையை ஆய்வுகூடமாக்கினார். தையலூசிகளைத் தீட்டிக் கத்திகளாக்கினார், கோழிமுட்டைகளைச் சேகரித்தார். அவருடைய ஆசிரியரான யுசெப்பே லெவியும் வேலை நீக்கப்பட்டவராய் அதே அறைக்கு உதவியாளராக வந்துசேர்ந்தார். நகரில் குண்டு விழத் தொடங்கியதும் மலைநாட்டுக் குடிசையொன்றில் இவ்வாய்வு தொடர்ந்தது. அங்கே அவர் கண்டது இதுதான்: முளையத்தில் கால் வளரவேண்டிய அரும்பை அகற்றிவிட்டால், அக்காலை நோக்கிச் செல்லவேண்டிய நரம்புக் கலங்கள் பிறக்கின்றன, பிறந்தபின் மடிகின்றன. சேரவேண்டிய இடத்திலிருந்து ஏதோவொன்று வராமையால் மடிகின்றன. இத்தாலியச் சஞ்சிகைகள் யூதரின் கட்டுரைகளை ஏற்காமையால் அம்முடிவு பெல்ஜியச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது.

இது எத்துணைப் பெரிய தலைகீழ் மாற்றம் என்பதை வாசகர் சிந்திக்கவேண்டும். நரம்பு ஆள்கிறது, தசை கீழ்ப்படிகிறது என்றே அதுவரை கற்பிக்கப்பட்டது. ஆளப்படுவதாகக் கருதப்பட்ட இழையமே ஆள்வோனுக்குச் சோறு போடுகிறது என்பது புதிய செய்தி.

போர் முடிந்தபின் 1947 இல் அமெரிக்காவின் சென்ற் லூயிசுக்குச் சில மாதங்கள் தங்குவதற்காகச் சென்ற அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். எலியின் கட்டியொன்றைக் கோழி முளையத்தில் பதித்தால் புலன் நரம்புகள் அக்கட்டிக்குள் அடர்ந்து புகுவதை 1948 இல் எல்மர் பியூக்கர் கண்டிருந்தார். கட்டி ஏதோவொன்றைச் சுரக்கிறது என லெவி மொந்தால்சீனி ஐயுற்றார். சோதிக்கக் கண்ணாடியில் வளர்க்கும் வசதி வேண்டும். 1952 இல் கட்டி கொண்ட எலிகள் இரண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு விமானமேறி பிரேசிலின் றியோ டி ஜெனெய்றோ நகரை அடைந்தார். அங்கே இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தை நடத்திவந்த ஹேர்த்தா மேயரும் ஐரோப்பாவினின்றும் ஓடிவந்த யூதப் பெண்மணியே. கோழி முளையத்தின் நரம்புத் திரட்டு ஒன்றும் அருகே கட்டியின் துணுக்கு ஒன்றும் ஒரே துளியில் வைக்கப்பட்டன. ஒருநாட் பொழுதுக்குள் திரட்டைச் சுற்றி நரம்பிழைகள் சூரியக் கதிர்போல் நாற்புறமும் வெடித்து விரிந்தன. புலன் நரம்புத் திரட்டும் பரிவு நரம்புத் திரட்டும் ஒருங்கே இவ்வாறு விடையிறுத்தன.

அப்பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை 1953 இல் வந்துசேர்ந்த ஸ்ரான்லி கோஹனுடையது. கட்டியிலே தேடியவர், பாம்பின் நஞ்சில் அதனினும் வலிதாகவும், பின்னர் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுதியாகவும் கண்டார். அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம். 1986 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இவ்வாய்வுக்கு அடித்தளமிட்டவரும் லெவி மொந்தால்சீனியை அமெரிக்காவுக்கு அழைத்தவருமான விக்ரர் ஹம்பேர்கர் விடப்பட்டமை பலருக்கு வருத்தந் தந்தது. எமக்கும் அது நீதியாகத் தோன்றவில்லை.

கட்டியும் நஞ்சும் செய்வதனை உடலின் இயல்பான இழையங்கள் சிறிய அளவில் நாள்தோறும் செய்கின்றன. இருதயம் அவற்றுள் ஒன்று. 1970 களில் நரம்புத் திரட்டின் பக்கத்திலே இருதயத் துண்டை வைத்து வளர்த்தோர், அத்துண்டின் தூண்டலால் இழைகள் மிகுந்து வளர்வதைக் கண்டனர். அத்தோடு நிற்கவில்லை. ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் எட்வின் பேர்ஷ்பான், டேவிட் பொற்றர் முதலியோர் 1976 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றிலே எம்மை மிகவுங் கவர்ந்த பகுதி. குண்டூசித் தலையினும் சிறிய தீவுகளாக இருதயத் தசைக் கலங்களை வளர்த்து, ஒவ்வொரு தீவிலும் ஒரேயொரு பரிவு நரம்புக் கலத்தைக் குடியேற்றினர். பாடநூலின்படி பரிவு நரம்பு நோரதிரினலினைச் சுரந்து இருதயத்தை விரைவாக்கவேண்டும். சில தீவுகளில் அவ்வாறே நிகழ்ந்தது. வேறு சிலவற்றில் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு நின்றது. அங்கே சுரந்தது அசற்றைல்கோலின். இன்னுஞ் சிலவற்றில் துடிப்பு முதலில் தளர்ந்து பின்பு விரைந்தது. ஒரே கலம் இரண்டு மொழியும் பேசிற்று.

மொழியை மாற்றியது எது? இருதயக் கலங்கள் வளர்ந்த நீரை எடுத்துத் தனித்து வளரும் நரம்புக் கலங்களுக்கு ஊட்டியபோது, அவையும் அசற்றைல்கோலின் பக்கம் சாய்ந்தன என்பதைப் போல் பற்றர்சன் குழுவினர் காட்டினர். இருதயக் கலங்கள் சுரக்கும் அப்பொருள் இன்னதென்பது 1989 இல் தெளிவாயிற்று. குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சியில் முன்னரே அறியப்பட்டிருந்த ஒரு புரதமே அது. உயிருள்ள உடலில் பிறந்தநாள் தொட்டு இருதயத்தில் இவ்வாறுதான் நிகழ்கிறது என்று கொள்ளவேண்டாம்; இத்தகைய இயல்பான மொழிமாற்றம் நன்கு காணப்பட்டது வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்புகளிலேயே. கண்ணாடித் தட்டு எது நடக்கக்கூடும் என்பதைக் காட்டும். எது நடக்கிறது என்பதை உடலிடமே கேட்கவேண்டும்.

இங்கே ஒரு செய்தி. 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரி கறுப்பின மாணவரைக் கூடுதலாகச் சேர்க்கவேண்டுமெனப் போராடி வெற்றிகண்ட ஆசிரியர் சிலருள் பேர்ஷ்பானும் பொற்றரும் இருந்தனர். கரெலின் கறுப்பு அங்கியை எண்ணிப் பார்க்குமிடத்து, ஆய்வுகூடங்களிலும் இருவகை மனிதர் உளர் என்று சொல்லத் தோன்றுகிறது. எனினும் இதிலிருந்து ஒரு விதி வகுக்க நாம் துணியவில்லை. தீயவரும் நல்ல பரிசோதனை செய்திருக்கின்றனர்.

இதுவரை நாம் கூறியவை பெரும்பாலும் இருதயத்தை நோக்கி வரும் நரம்பைப் பற்றியவை. இருதயத்திலிருந்து செய்தி கொண்டு செல்லும் புலன் நரம்பை அறிஞர் உலகம் நெடுநாள் பின்தள்ளியே வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளுறுப்பு நரம்புகளுக்கு இலக்கணம் வகுத்த லாங்லி, ஆணை கொண்டு வருவனவற்றையே அத்தொகுதியின் உறுப்புகளாக எண்ணினார். வேபர் சகோதரர் கடிவாளம் எனக் கண்ட வேகசு நரம்பின் இழைகளை 1930 களில் எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஆணை கொண்டு வருவனவல்ல, செய்தி கொண்டு செல்வன என்று தெரிந்தது. கீழிருந்து மேலே செல்லும் முறையீடுகளை எண்ணாமல் விட்டுவிடும் பழக்கம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இருதயத்தின் வலியை மருத்துவர் அறியாதிருந்தனர் என்பதன்று. நடக்கும்போது மார்பை இறுக்கி, நின்றதும் நீங்கும் வலியை வில்லியம் ஹெபேடன் 1768 இல் இலண்டனில் விவரித்தார். அவ்வலி இடது கைவழியே இறங்குவதற்குக் காரணம், இருதயத்தின் புலன் நரம்பும் கையின் உட்புறத்துப் புலன் நரம்பும் முண்ணாணின் அண்மையான பகுதிகளில் சென்று சேர்வதே. 1916 இல் உருமேனியச் சத்திரசிகிச்சையாளர் இயோனெஸ்கு, கழுத்தடியிலுள்ள நரம்புத் திரட்டை அகற்றி நோயாளியொருவரின் மார்வலியைத் தணித்தார். ஆனால் தசைக் கலம் தன் துன்பத்தை நரம்புக் கலத்துக்கு எந்தச் சொல்லால் தெரிவிக்கிறது?

கண்ணாடித் தட்டே மீண்டும் விடை தந்தது. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் பென்சன், மக்கிளெஸ்கி முதலியோர் எலியின் இருதய உறைக்குள் ஒரு நிறப்பொருளைச் செலுத்தினர். நரம்பிழைகள் அதனை உறிஞ்சி முண்ணாணின் அருகேயுள்ள திரட்டுகளுக்கு ஏற்றின. அத்திரட்டுகளைப் பிரித்துத் தட்டில் பரப்பியபோது, நிறமேறிய கலங்களே இருதயத்துக்குரியவை என அடையாளம் காணமுடிந்தது. அவற்றைத் தொட்ட நீரின் அமிலத் தன்மையைச் சிறிது கூட்டியதும் அக்கலங்கள் பெரும் மின்னோட்டத்தோடு கிளர்ந்தெழுந்தன. இது 1999 இல் வெளிவந்தது. குருதி தடைப்பட்ட இருதயத் தசையில் மூச்சுத் திணறும் கலங்கள் அமிலத்தை வெளிவிடுகின்றன. சூழவுள்ள நீரின் பீ.எச். 7.4 இலிருந்து 7.0 வரை இறங்குவதே இப்புலன் கலங்களுக்குப் போதும். கலங்கள் கூடவே வெளிவிடும் இலற்றிக் அமிலத்தின் உப்பு அவ்வுணர்வை மேலும் கூர்மையாக்குகின்றது. எமது செத்தல் மிளகாயின் காரத்தை உணரும் வாயிற் புரதமும் இருதயத்தின் புலன் நரம்புகளில் உண்டு. அப்புரதத்தை 1997 இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசும், அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டுபிடித்தவரும் பெய்றூத்தின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிச் சென்ற ஆர்மீனியக் குடும்பத்தவருமான பற்றபூத்தியனும் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

புலன் நரம்பு செய்தி கொண்டு செல்வதோடும் நின்றுவிடுவதில்லை. அது கிளர்ந்தெழும்போது தன் நுனியிலிருந்தே பெப்ரைட்டுச் சிலவற்றைச் சுரக்கிறது. 1980 களின் தொடக்கத்தில் அறியப்பட்ட அத்தகைய பெப்ரைட்டு ஒன்று, இருதயத்தின் குருதிக்குழாய்களை விரிக்கிறது; சிறு விலங்குகளின் சோணையறைத் தசையில் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டுகிறது. முறையிடச் சென்றவர் போகுமுன் காயத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் செல்வது போன்றது இது. ஆக, தசைக் கலம் காரணியைச் சுரந்து புலன் நரம்பை ஈர்த்துக் காக்கிறது. துன்பம் வரும்போது அமிலத்தால் அழைக்கிறது. நரம்பு பெப்ரைட்டால் விடையிறுக்கிறது. இவர்களுள் எசமான் யார் என்று கேட்டால் கேள்விதான் பிழையாகிறது.

இவ்வுறவு முறிந்தால் என்னாகும்? எம்மவர் 'சீனி வருத்தம்' என்று கூறும் நீரிழிவு இதனை மெல்ல மெல்ல முறிக்கின்றது. 2004 இலும் 2006 இலும் யப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்து இயேடா, புக்குடா முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இங்கு முக்கியமானவை. இருதயத் தசைக் கலங்கள் நரம்பு வளர்ச்சிக் காரணியை எவ்வளவு சுரக்கவேண்டும் என்பதனை எண்டொதெலின் என்னும் பொருள் கட்டுப்படுத்துவதை வளர்ப்புக் கலங்களிலும் எலிகளிலும் முதலில் காட்டினர். பின்பு, நீரிழிவூட்டப்பட்ட விலங்குகளின் இருதயத்தில் அக்காரணி குறைவதையும், அங்குள்ள புலன் நரம்புகள் அருகிப்போவதையும் கண்டனர். காரணியின் பரம்பரையலகை அவ்விருதயத்துள் செலுத்தியபோது நரம்புகள் மீண்டன. அதாவது தசை ஊட்ட மறந்தது; தூதன் பட்டினியால் மடிந்தான்.

தூதன் இல்லாத இருதயத்தில் மாரடைப்பு வந்தால் வலி வராது போகலாம். அமெரிக்காவின் பிரமிங்ஹம் நகரத்து மக்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1984 இல் தெரிவித்தபடி, மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை நிகழ்ந்தபோது அறியப்படவில்லை. பின்னர் எடுத்த ஈ.சி.ஜி. வரைபிலேயே தெரியவந்தன. நீரிழிவாளரிடம் இத்தகைய ஓசையற்ற மாரடைப்பு மிகுதி என்பதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். எமது ஊர்களில், காலையில் வியர்த்தது, களைப்பாயிருக்கிறது என்று படுத்தவர் மாலையில் இல்லை என்ற செய்தியைக் கேளாதவர் உண்டோ? வாயு என்றும் வெயில் என்றும் சொல்லிச் சோடா குடித்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போனவர் எத்தனை பேர்! கூலி இழக்க அஞ்சுபவனுக்கு வலி ஒன்றுதான் ஓய்வெடுக்கும் உரிமைச்சீட்டு. அச்சீட்டையும் இந்நோய் பறித்துவிடுகிறது.

அப்படியாயின் அக்காரணியை மருந்தாகக் கொடுத்தாலென்ன? 1990 களில் நீரிழிவால் கால் நரம்பு கெட்ட ஏறத்தாழ ஆயிரம் நோயாளரிடம் அது ஊசியாகச் சோதிக்கப்பட்டது. வெறும் ஊசி பெற்றோரைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க நலம் பெறவில்லை. ஊசி போட்ட இடம் நொந்ததே மிச்சம். இருதயத்திலும் அபாயம் உண்டு. மாரடைப்பு உண்டாக்கப்பட்ட நாய்களின் பரிவு நரம்புத் திரட்டில் இக்காரணியைச் செலுத்தியபோது நரம்புகள் அளவின்றித் தழைத்தன. துடிப்பின் ஒழுங்கு குலைந்தது. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வு, காரணி மிகுந்தாலும் உயிருக்கு ஆபத்தென்பதைக் காட்டிற்று. இதற்கு எதிர்த்திசையில், மூட்டுவலிக்காக அக்காரணியைத் தடுக்கும் மருந்தொன்றை ஆக்கினர். வலி தணிந்தது, ஆனால் சிலரின் மூட்டுகள் விரைவாகச் சிதைந்தன. 2021 இல் அமெரிக்க மருந்து ஆலோசனைக் குழு அதனை ஏற்க மறுத்தது.

ஆதலால் ஆராய்ச்சியாளர் மறுபடியும் தட்டுக்கே திரும்பியிருக்கின்றனர். நரம்புக் கலத்தின் உடலை ஓர் அறையிலும் அதன் இழை நுனிகளை மற்றோர் அறையிலும் வைத்து வளர்க்கும் தட்டை 1977 இல் கம்பெனொற் அமைத்துக் கொடுத்தார். 2007 க்குப் பின்னர் மனிதத் தோலிலிருந்து எடுத்த கலத்தையே முளையநிலைக்கு மீட்டு, அதிலிருந்து துடிக்கும் இருதயக் கலத்தையும் புலன் நரம்புக் கலத்தையும் ஆக்கமுடிகிறது. ஒரே நோயாளியின் இருவகைக் கலங்களையும் அருகருகே அமர்த்தி, எவர் எப்போது பேச்சை நிறுத்தினார் என்று உற்றுக் கேட்கும் காலம் வந்துவிட்டது.

அதுவரை எமது ஆசுப்பத்திரிகளின் மாதாந்த நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களுக்கு உள்ள கருவிகள் எளியவையே. பாதத்தின் உணர்ச்சி கெட்டிருக்கிறதா என்பதை ஒரு சிறு நைலோன் இழையால் தொட்டே அறியலாம். இருதயத்தைத் தொட்டுப் பார்க்க அத்தகைய இழை எதுவும் இல்லை. இருப்பது ஈ.சி.ஜி. ஒன்றே. அதை, நெஞ்சுவலி என்று வருபவருக்கு மட்டுமன்றி, வலியில்லை, இளைக்கிறது, வியர்க்கிறது, கை சோர்கிறது என்று சொல்லும் நீரிழிவாளருக்கும் அன்றைக்கே, வரிசையில் காக்கவைக்காது, எடுத்துப் பார்க்க வேண்டும்.